வரிசையில் மூன்றாவது பெயர்

பசியாவரம் கங்காதரன் மகள் சந்தியா என்ன வேலை பார்க்கிறாள் என்று ஊரில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "லைப்ரரில கம்ப்யூட்டர் தட்டுது" என்பார் ஒருவர். "கம்ப்யூட்டருக்கு ரிப்பேர் பாக்குது" என்பார் இன்னொருவர். அவளுடைய அம்மா செல்வம்மாளைக் கேட்டால், "துட்டு வர்ற வேலை ஒண்ணு, துட்டு வராத வேலை ஒண்ணு. ரெண்டும் ஒரே பொட்டிலதான் பண்ணுது. எது எதுன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு மீனை உலர்த்தப் போய்விடுவாள்.

துட்டு வராத வேலையைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

உலகத்தில் எத்தனையோ நூலகங்கள் ஒரு மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்துகின்றன. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, எப்போது திரும்பி வரும் என்பதையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும். அதை யாரும் கடையில் விற்கவில்லை. அதன் நிரல் எல்லோரும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது. பிழை கண்டவர் பிழையை எழுதிப் போடலாம். திருத்தத் தெரிந்தவர் திருத்தி அனுப்பலாம். அனுப்பியதை முன்பின் தெரியாத இரண்டு பேர் தங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்து, இருவரும் சரி என்று சொன்னால்தான் அது அடுத்த வெளியீட்டில் சேரும்.

சந்தியா இதற்குள் வந்தது திட்டம் போட்டு அல்ல. பொன்னேரி அரசுக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நாளில், பழவேற்காடு கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு அறக்கட்டளை நடத்தும் நூலகத்தில் ஆள் தேவை என்றார்கள். பசியாவரம் ஏரிக்குள் இருக்கும் தீவு. தினமும் காலையில் படகில் அக்கரை போய், புத்தகங்களுக்குப் பார்கோடு பட்டை ஒட்டி, கணினியில் ஏற்றி, சாயங்காலம் படகில் திரும்புவாள். நூலகர் ஆரோக்கியமேரி. ஐம்பதைத் தொட்டவர், சட்டம் பேசுகிறவர். மென்பொருளை யாரோ சென்னையிலிருந்து வந்து போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குப் பிறகு அது சொன்னதுதான் மேரிக்கு வேதம்.

முதலில் சந்தியாவின் கண்ணில் பட்டது சீட்டு. புத்தகம் எடுக்கும்போது அச்சாகி வரும் சின்னச் சீட்டில், புத்தகத்தின் பெயர் தமிழில் இருந்தால் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வரும். மேரி ஒவ்வொரு சீட்டிலும் கட்டங்களை அடித்துவிட்டுப் பேனாவால் எழுதிக் கொடுப்பார். சந்தியா அந்த மென்பொருள்காரர்கள் கூடும் இணையப் பக்கத்தில், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இதைக் கேட்டாள். எந்த ஊர் என்றே தெரியாத ஒருவர் எந்தக் கோப்பில் பார்க்க வேண்டும் என்று பதில் எழுதினார். அவள் பார்த்தாள், திருத்தினாள், அனுப்பினாள். திரும்பி வந்தது: வரிகளின் இடைவெளி சரியில்லை, சோதனை எழுதவில்லை. மறுபடி அனுப்பினாள். மறுபடி திரும்பியது. மூன்றாவது முறை சேர்த்துக்கொண்டார்கள். திருப்பி அனுப்புவது அங்கே அவமானம் இல்லை, அதுதான் நடைமுறை என்று அவளுக்குப் பிடிபடச் சில மாதங்கள் ஆயின.

அந்த வெளியீட்டில் பங்கெடுத்தவர்களின் பெயர்ப்பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. அவளுடைய அண்ணன் தேவேந்திரன், எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவுடன் வலைக்குப் போனவன், அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் கடையில் எடுத்து லாமினேஷன் போட்டு வீட்டில் மாட்டினான். முழுக்க ஆங்கிலம். ஆனால் எத்தனையாவது வரி என்று அவனுக்குத் தெரியும். வருகிறவர்களுக்கு விரலை வைத்துக் காட்டுவான்.

அதன் பிறகு அவள் அனுப்பிய திருத்தங்கள் பல. சிறியவை. தேடும்போது ஒரே புத்தகம் இரண்டு தரம் வருவது, தேதி மாறித் தெரிவது, பொத்தான் வேலை செய்யாதது. பெரியதாக ஒன்றைச் செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது முன்பதிவு விஷயத்தில்தான்.

நூலகத்தில் போட்டித் தேர்வுக் கைடுகளுக்கு எப்போதும் அடிதடி. ஒரு புத்தகத்துக்கு ஒரு பிரதிதான் இருக்கும். வேண்டுகிறவர்கள் பெயர் கொடுத்து வரிசையில் நிற்க வேண்டும். புத்தகம் திரும்பி வந்ததும் முதல் ஆளுக்குப் போனில் செய்தி போகும். சில நாள் அவருக்காகப் புத்தகம் முன்பதிவு அலமாரியில் காத்திருக்கும். வராவிட்டால் மென்பொருள் அவர் பெயரை அடித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிடும்.

ஒரு வாடைக்காற்று வாரத்தில் படகே ஓடவில்லை. காற்று தணிந்ததும் பசியாவரத்து விக்கி நூலகத்துக்கு வந்து நின்றான்.

"இன்னாக்கா, என் புக்கு எங்க?"

"உன் நாள் முடிஞ்சிபோச்சு தம்பி. அடுத்த ஆளுக்குப் போயிடுச்சு" என்றார் மேரி.

"காத்து அடிச்சா நான் இன்னா பண்றது? நீஞ்சினு வர்றதா?"

"அத்த கம்ப்யூட்டர்கிட்ட கேளு."

"அதுக்கு இன்னா தெரியும், ஏரி தெரியுமா, காத்து தெரியுமா? ரோடு இருக்கறவனுக்குத்தான் புக்கா?"

ரோடு இருக்கிறவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். காட்டூர் ராகுல், பைக்கில் வருகிறவன். கைடு அவன் மடியில் இருந்தது. "நான் இன்னா பண்ணேன்? மெசேஜ் வந்துச்சு, வந்தேன்" என்றான் தலையைத் தூக்காமல்.

"நீ ஒண்ணியும் பண்ணல ராசா. உன் பைக்கு பண்ணிச்சு" என்றான் விக்கி.

அன்று சாயங்காலம் வீட்டில் சந்தியா அண்ணனிடம் கேட்டாள். அவளுக்கு விடை ஓரளவு தெரியும். இருந்தாலும் சரியாகத் தெரிந்துகொள்ள விரும்பினாள்.

ஏரியில் எறால் ஓடும் இடங்கள் சிலதான். அவற்றைப் பாடு என்பார்கள். எல்லோரும் ஒரே நாளில் அங்கே போய் சுத்துவலை போட்டால் சண்டைதான் மிஞ்சும். அதனால் ஊரில் தலைக்கட்டு உள்ள ஆண்களைக் குழு குழுவாகப் பிரித்து, சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்தக் குழு, நாளைக்கு அந்தக் குழு என்று முறை வைத்திருக்கிறார்கள்.

"காத்துல முறை தப்பிடுச்சுனா இன்னா கணக்குண்ணா?"

"தப்பினா அது எங்கயும் போவாது. அடுத்த செட்டு வலை எடுத்ததும் தப்பினவனுக்குத்தான்" என்றான் தேவேந்திரன்.

"அப்பவும் தப்பினா?"

"அப்பவும் அவன்துதான். காத்துக்கு அவனா பொறுப்பு? ஆமா, நீ எதுக்குக் கேக்கற, வலைக்கு வரப் போறியா?"

"உங்க சட்டத்த லைப்ரரிக்குக் கொண்டுபோறேன்."

அதை எழுத அவளுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. முறை தப்பியவரின் பெயர் இனி அடிபடாது. புத்தகம் அடுத்தவருக்குப் போகும். அவரிடம் வேலை முடிந்ததும் தப்பியவருக்கே முதலில் வரும். வேண்டுகிற நூலகம் மட்டும் இந்த விதியை வைத்துக்கொள்ளலாம். வேண்டாதவர்கள் பழைய விதியிலேயே இருக்கலாம். முதலில் தங்கள் நூலகத்தில் அதை ஓட்டினாள். அடுத்த காற்றில் முறை தப்பிய நந்தினி என்ற பெண், காற்று நின்று வந்தபோது தன் பெயர் வரிசையில் அப்படியே இருப்பதைப் பார்த்து, "ஐ, இருக்குதே!" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவே இன்னொரு மழைக்காலமும் உட்கார்ந்திருக்கலாம் என்று சந்தியாவுக்கு இருந்தது.

பிறகு அதை மென்பொருள்காரர்களுக்கு அனுப்பினாள். மலைநாடு ஒன்றிலிருந்து ஒரு பெண் சோதித்துப் பார்த்து, பனி கொட்டினால் பாதை அடைபடும் ஊர்கள் எங்களுக்கும் உண்டு, இது எங்களுக்கு மிகவும் தேவை என்று எழுதி, சரி என்று ஒப்புதல் போட்டாள். இன்னொருவரின் ஒப்புதல் பாக்கி. அதுவும் வந்துவிட்டால் அடுத்த வெளியீட்டில் சேர்ந்துவிடும்.

தேவேந்திரனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. படகுத்துறையில் எல்லோரிடமும் சொன்னான். "எங்க ஊரு பாடு சட்டம் இனிமே அமெரிக்கா லைப்ரரிலயும் ஓடப் போவுது."

"அமெரிக்கால எறா இருக்குதாடா?" என்று கேட்டார் படகு ஓட்டுகிற முனியன்.

"எறா இல்லாட்டி இன்னா, முறை இருக்குமில்ல?"

"அப்ப அங்க நம்மூர்காரன் போனா சும்மாவே வலை போடலாம்னு சொல்லு."

சிரித்தார்கள். ஆனால் பெருமையாகத்தான் சிரித்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் திவ்யா நூலகத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள்.

திவ்யாவின் அம்மா இருசம்மாள் ஏரியில் கையால் எறால் பிடிக்கிறவள். மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைத் துழாவி, அகப்பட்டதை வாயில் கவ்வியிருக்கும் ஓலைப் பறியில் போடுவாள். அவர்கள் இருளர். ஏரிக்கரையில் எத்தனை தலைமுறையாக இருந்தாலும் பாடு முறையில் அவர்களுக்குப் பங்கில்லை. பாடு வலை விழாத ஓரத் தண்ணீர்தான் அவர்களுக்கு. தோணிரேவுக்கு அப்பால் இருக்கும் அந்தக் குடியிருப்பில் பிளஸ் டூ தேறிய சிலரில் திவ்யா ஒருத்தி. காவலர் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். பாடத்திட்டம் மாறியிருந்தது, புதிய பாடத்திட்டத்துக்கான கைடு நூலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அதற்குப் பெயர் கொடுத்தாள். அம்மா எறால் விற்க வரும் நாட்களில் கூடவே நடந்து வந்து, நூலக வாசலில் செருப்பை விட்டுவிட்டு மேரியிடம் கேட்பாள்.

"என் பேரு எத்தினியாவதுக்கா?"

"மூணாவது."

"சரிக்கா."

அலமாரியில் இருக்கும் பழைய புத்தகம் எதையாவது எடுத்துக் கொஞ்ச நேரம் படித்துவிட்டு, அம்மாவின் கூடை காலியானதும் போய்விடுவாள். அடுத்த முறை வருவாள். கேட்பாள். மூணாவது. சரிக்கா.

சந்தியா உள்ளறையில் இருப்பாள். இந்தப் பேச்சு காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஒரே கேள்வி, ஒரே பதில் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. அவள் மனம் இரண்டாவது ஒப்புதலில் இருந்தது.

ஒரு நாள் முன்பதிவு அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காவலர் கைடு மட்டும் வயிறு உப்பியதுபோல இருந்தது. எடுத்துப் பார்த்தாள். உள்ளே சீட்டுகள். புத்தகம் ஒருவருக்காகக் காத்திருக்கத் தொடங்கும்போது அவர் பெயரில் ஒரு சீட்டு அச்சாகும். மேரி எதையும் எறியாதவர். ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி வைத்திருந்தார். விக்கி. நந்தினி. விக்கி. நந்தினி. மறுபடி விக்கி. மறுபடி நந்தினி.

அச்சு இயந்திரத்தில் கோளாறு என்று முதலில் நினைத்தாள். கணினியில் பார்த்தாள். இயந்திரத்தில் ஒன்றுமில்லை. புத்தகம் விக்கிக்காகக் காத்திருந்தது, அவன் வரவில்லை. நந்தினிக்குப் போனது, அவளும் வரவில்லை. தப்பியவனுக்கு முதலில் என்பதால் விக்கிக்குத் திரும்பியது. அவன் வரவில்லை. இப்போது தப்பியவள் நந்தினி. இப்படியே மாதக்கணக்கில் இரண்டு பெயர்களுக்கு நடுவே புத்தகம் போய் வந்துகொண்டிருந்தது. அலமாரியை விட்டு ஒரு விரல் நகரவில்லை. யாரும் அதைத் திறந்து படிக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் மூன்றாவது பெயர், திவ்யா.

சந்தியா விக்கிக்குப் போன் செய்தாள்.

"போலீஸ் கைடு உன் பேருக்கு வந்துனே இருக்குது, நீ ஏன் வர்ல?"

"நான் ஹார்பர்ல வேலைக்குச் சேந்துட்டேன்க்கா. போலீசெல்லாம் இப்ப வாணாம்."

"வாணாம்னா பேரை எடுத்திருக்கலாமில்ல?"

"முறைல இருக்கற பேரை எவனாச்சும் எடுப்பானா? நாளிக்கு இந்த வேலை போச்சுன்னா?"

நந்தினி கல்யாணம் ஆகிக் கடலோரத்து ஊருக்குப் போயிருந்தாள். "இருந்துட்டுப் போவட்டுமேக்கா. பேர் இருந்தா இன்னா கெட்டுப்போச்சு?" என்றாள்.

இருவரையும் திட்ட சந்தியாவுக்கு வாய் வரவில்லை. பாடு முறையில் பெயரை விட்டுக்கொடுத்தவன் மறுபடி சேர்வது லேசில்லை என்பதால் யாரும் எடுக்க மாட்டார்கள். அவளுடைய சித்தப்பா வண்டலூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய் வருஷங்கள் ஆகின்றன. ஊர் முறையில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது. அதைக் குறையாக யாரும் நினைத்ததில்லை. மென்பொருளை எழுதும்போது அவளும் நினைக்கவில்லை. முறை தப்புவது காற்றால்தான் என்று எடுத்துக்கொண்டாள். வேண்டாமலேயே பெயரை வைத்திருக்கிறவர்களும் இருப்பார்கள் என்று, அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கே தோன்றவில்லை.

மேரியிடம் போனாள். "இந்தப் புக்கு இவ்ளோ நாளா இங்கயே கெடக்குதேக்கா, நீங்க எனக்குச் சொல்லக் கூடாதா?"

"நீதான எழுதின? நீ எழுதினது சரியாத்தான இருக்கும்னு நெனச்சேன்" என்றார் மேரி. குத்தலாகச் சொல்லவில்லை. அது இன்னும் குத்தியது.

சந்தியா தங்கள் நூலகத்தில் அந்த விதியை நிறுத்தினாள். பழைய விதிப்படி முன்னால் இருந்த இரண்டு பெயர்களும் அடிபட்டு வரிசை நகர்ந்தது. திவ்யாவின் பெயரில் சீட்டு அச்சாகி வந்தது. கொடுத்திருந்த எண் இருசம்மாளுடையது. கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.

அன்று மதியமே மின்னஞ்சல் வந்தது. இரண்டாவது ஆள் சோதித்துவிட்டார். சரி என்று ஒப்புதல் போட்டிருந்தார். இந்த வெளியீட்டில் சேர்த்துக்கொள்கிறோம், வாழ்த்துகள் என்று கீழே ஒரு வரி.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். ஒருவரும் பிழையைக் கண்டுபிடிக்கவில்லை. பேசாமல் இருந்தால் உள்ளே போய்விடும். அவளுடைய முதல் பெரிய வேலை அது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது தேவேந்திரன் வலையிலிருந்து பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாது, வாபஸ் வாங்கறியா? ஊர் முச்சூடும் சொல்லி வெச்சிருக்கேன்!"

"சொன்னத நீயும் வாபஸ் வாங்கிக்கோ."

"தமாசு பண்ணாத. எத்தினி தலைமுறையா ஓடற சட்டம். தப்புன்றியா?"

"ஏரில தப்பில்லண்ணா. அங்க ஒரு செட்டு முறைக்கு வராம பாட்டச் சும்மா போட்டு வெச்சா இன்னா பண்ணுவீங்க?"

"கூட்டத்துல நிக்க வெச்சு கிழிச்சிடுவோம். எறா ஓடறப்ப சும்மா போட்டு வெப்பானா?"

"லைப்ரரில யாரு கிழிக்கறது? முன்னாடி இருக்கறவன் யாருன்னே பின்னாடி இருக்கறவனுக்குத் தெரியாது. திவ்யா வந்து கிழிக்குமா?"

"எந்த திவ்யா?"

"இருசம்மா பொண்ணு."

தேவேந்திரன் கை நின்றது. "அவங்களுக்குப் பாடே கெடையாதே" என்றான். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான்.

"அதான்" என்றாள் சந்தியா.

தேவேந்திரன் மறுபடி பாசியைப் பிய்க்கத் தொடங்கினான். பிறகு குரலை இறக்கி, "ஒண்ணு செய்யி. இப்ப போறது போவட்டும். அப்பறமா கம்முனு ஒரு திருத்தம் போட்டுடு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றான்.

"அதுக்குள்ள எத்தினி ஊர்ல மூணாவது ஆளு நின்னுனு இருக்கும், உனக்குத் தெரியுமா?"

அவனுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அதுதான் பிரச்சினை என்று அவளுக்குப் பட்டது. கூட இருந்து பார்க்க முடியாத இடங்களுக்கெல்லாம் அது போகும்.

சாப்பிடுவதற்கு முன்பே எழுதிவிட்டாள். நீளமாக இல்லை. "நான் அனுப்பிய மாற்றத்தைத் தயவுசெய்து சேர்க்க வேண்டாம். முன்னால் இருக்கும் இருவரும் வராமலேயே இருந்தால் மூன்றாமவருக்குப் புத்தகம் ஒருபோதும் போகாது. எங்கள் நூலகத்தில் அப்படியே நடந்தது. பிழை என்னுடையது. திருத்தி மறுபடி அனுப்புகிறேன்." எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் அதைப் போட்டாள். அவள் அறியாத ஊர்களில் இருக்கும் நூறு பேராவது அதைப் படித்திருப்பார்கள். மலைநாட்டுப் பெண் மட்டும் பதில் எழுதினாள்: "நான் இரண்டு வாசகர்களை வைத்துத்தான் சோதித்தேன். மூன்றாவதாக ஒருவரைச் சேர்க்க எனக்கும் தோன்றவில்லை."

மறுநாள் காலை முதல் படகில் அக்கரை போய், நூலகத்திலிருந்து கைடை எடுத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோவிலும் நடையிலுமாகத் திவ்யாவின் குடியிருப்புக்குப் போனாள். நூலகத்தார் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது விதியில் இல்லை. "நான் பாக்கல" என்று மட்டும் மேரி சொல்லியிருந்தார்.

இருசம்மாள் ஓரத் தண்ணீரில் இருந்தாள். வாயில் பறி.

"இருசம்மாக்கா, திவ்யா வூட்ல இருக்குதா?"

இருசம்மாள் பறியைக் கையில் எடுத்தாள். முகம் மாறியிருந்தது. "இன்னா பாப்பா, இன்னா தப்பு பண்ணிச்சு?"

"அது ஒண்ணியும் பண்ணல. புக்கு குடுக்க வந்தேன்."

"புக்கு வூட்டுக்கே வருமா?" என்று கேட்டுவிட்டு இருசம்மாள் சிரித்தாள். "எனக்கும் ஒண்ணு குடு, எறா எங்க கீதுன்னு போட்டிருந்தா." பிறகு கரைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

திவ்யா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள், கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு நடுவில் ஒரு மாதிரித் தேர்வைத் திறந்து நின்றபடியே படிக்க ஆரம்பித்துவிட்டாள். சந்தியா எதிரில் நிற்பது நினைவு வந்ததும் மூடினாள்.

"ரொம்ப நாளா இது அங்கயே ஷெல்ஃப்ல கெடந்துச்சு திவ்யா."

"பாத்தேன்க்கா. வரப்பல்லாம் அங்கதான் இருந்துச்சு."

"பாத்தியா? அப்ப கேக்கறதுதான?"

"வேற ஒருத்தர் பேரு போட்டு சீட்டு வெச்சிருந்துச்சேக்கா. அவங்க முறைல நாம எப்படிக் கேக்கறது?"

சந்தியா திவ்யாவின் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பாடத்திலிருந்து அதிகம் கேட்பார்கள் என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

திவ்யா தேர்வு எழுதினாள். எழுத்துத் தேர்வில் தேறவில்லை. புத்தகம் முதல் மாதமே கிடைத்திருந்தால் தேறியிருப்பாளா என்று யாராலும் சொல்ல முடியாது. முடிவு வந்த அன்று சந்தியா நூலகத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். மறுநாள் போனாள்.

மாற்றத்தை முதலிலிருந்து எழுதினாள். முறை தப்பினால் ஒரு தரம் பெயர் முதலிலேயே நிற்கும், புத்தகம் அவருக்காக இன்னொரு தரம் காத்திருக்கும். காற்றுக்கு அது போதும். இரண்டாம் தரமும் வராவிட்டால் பெயர் அடிபடாது, ஆனால் கடைசிக்குப் போய்விடும். படகு ஓடாத நாட்களை நூலகர் குறித்து வைத்தால் அவை கணக்கில் சேரா. சோதனைக்கு ஐந்து வாசகர்களை வைத்தாள். அதில் நாலு பேர் வரவே மாட்டார்கள். அது மூன்று தரம் திரும்பி வந்தது. ஒரு தரம் அவளே திருப்பி எடுத்துக்கொண்டாள். கடைசியில் சேர்ந்தபோது அவள் முதலில் நினைத்திருந்த வெளியீட்டுக்கு அடுத்ததற்கும் அடுத்த வெளியீடு வந்திருந்தது.

அதற்குள் கல்லூரி நூலகங்களுக்கு இந்த மென்பொருளைப் பராமரிக்கும் சென்னைக் கம்பெனி ஒன்றில், வீட்டிலிருந்தே செய்யும்படி அவளுக்கு வேலை கிடைத்தது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பழவேற்காட்டு நூலகத்துக்கு வருகிறாள். படகுத்துறையில் முனியன் இப்போதும் தேவேந்திரனை விடுவதில்லை. "இன்னாடா, அமெரிக்காவுக்கு நம்ம சட்டம் போயிடுச்சா?" என்பார். "போச்சு. ஆனா நம்மளுத விட கெட்டியா எழுதி அனுப்பிச்சிருக்குது" என்று தேவேந்திரன் சொல்வான்.

மறுவருஷம் காவலர் தேர்வு அறிவித்தார்கள். கைடும் புதிய பதிப்பு வந்தது. திவ்யா பெயர் கொடுத்தாள். இந்தத் தரம் இரண்டாவது. இப்போது அவளிடம் சொந்தமாகப் போன் இருந்தது. செய்தி போன அன்றே நடந்து வந்தாள். சந்தியா உள்ளறையில் கம்பெனி வேலையில் இருந்தாள். கதவு திறந்திருந்தது.

மேரி புத்தகத்தைக் கணினியில் பதிந்து, சீட்டை உள்ளே வைத்துக் கொடுத்தார். திவ்யா வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"எனக்கு முன்னாடி இருந்தவங்க எடுத்துட்டாங்களாக்கா?"

"எடுக்கல. ரெண்டு தபா சொல்லியும் ஆளு வர்ல. கம்ப்யூட்டர் கடைசில போட்டுடுச்சு."

"அப்ப அவங்களுக்கு இன்னும் முறை இருக்குதா?"

"இருக்குது. உனக்கப்பறம்."

திவ்யா புத்தகத்தைப் பையில் வைத்து, பையின் வாயை முடிச்சுப் போட்டாள்.

"அவங்களுக்கும் பரிச்சை இருக்குமில்ல" என்றாள். "நான் சீக்கிரம் படிச்சுட்டுக் குடுத்துடறேன்க்கா."